ரெண்டு தடவை அடிக்கிற கடிகாரமும் காது கேக்காத பேராண்டியும்

வாடா பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலி வாணாம், அதுக்கு மூணு காலுதான் நெசம், நாலாவது செங்கல்லு. திண்ணையிலயே உக்காரு. உங்க ஆயா டீ போடுது, வந்துடும்.

புதுச்சேரி சாரத்துல பொறந்த புள்ள வெள்ளைக்காரத் தெருவுல காபிக்கடை தொறக்குது, நல்ல சேதி. காபி எரநூறு ரூபான்னு போர்டுல எழுதியாச்சு, சுவத்துப் பூச்சுதான் இன்னும் காயல. அது காயற வரைக்கும் பாரீஸ்லேர்ந்து உங்க மாமன் அனுப்பிச்ச கடிகாரம் தாத்தா வீட்டுச் சுவத்துல தொங்கட்டும்னு மாட்டிட்டுப் போயிட்ட. சந்தோசம். மாட்டின அன்னிக்கு ராத்திரி அது பன்னெண்டு அடிச்சுது. எண்ணி முடிச்சுத் திரும்பிப் படுத்தேன். ரெண்டே நிமிசம், மறுபடியும் பன்னெண்டு. உங்க ஆயா எழுந்து உக்காந்து, "இன்னாங்க, மணி இருபத்திநாலா?"ன்னு கேக்குது.

நீ என்னடான்னா போன்ல, "தாத்தா, அது பழுது, ஆளை வெச்சு ஒரு தடவை மட்டும் அடிக்கிறாப்பல பண்ணிடலாம்"ங்கற. பண்ணு ராசா, யாரு தடுத்தா? ஆனா அது பழுது இல்ல. பிரான்ஸுல கெழக்கால, சுவிட்சர்லாந்து ஓரமா ஜுரா மலைன்னு ஒண்ணு இருக்குது. அங்க மோர்பியே, மோரேன்னு ரெண்டு ஊரு. 1600களோட கடைசியில ஆரம்பிச்சு 1900 தாண்டுற வரைக்கும் அந்தப் பக்கத்து ஆளுங்க இந்த மாதிரிக் கடிகாரத்தைப் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. கோம்த்துவாஸ்னு பேரு. மணி அடிச்சு ரெண்டு நிமிசம் கழிச்சு அதே மணியைத் திரும்ப அடிக்கிறதுதான் அந்தச் சாதிக்கே அடையாளம். மாட்டுக்கொட்டாயில சாணி அள்ளிக்கிட்டு இருந்தவன், எண்ணிக்கிட்டே வந்து ஏழா எட்டான்னு நடுவுல விட்டவன், ரெண்டாவது தடவை ஒழுங்கா எண்ணிக்கலாம். அரை மணிக்கு ஒரே ஒரு அடி. கூட்டிப் பாரு, ஒரு நாளைக்கு 336 அடி. எரநூறு ரூபா பில்லைப் பாத்ததும் வர்றவனுக்கு நெஞ்சு அடிச்சுக்கற சத்தம் அதுல அமுங்கிப் போவும். உனக்கு லாபம்தானே?

அப்பறம் அந்த அட்டை விவகாரம். "டூப்ளே மாளிகைக் கடிகாரம், 1750"ன்னு அச்சடிச்சு கண்ணாடி போட்டு இதுக்குக் கீழ மாட்டப் போறியாமே. உங்க ஆயா சொல்லிச்சு. டூப்ளே துரை 1742ல இங்க கவர்னரா வந்தாரு, 1754ல மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப எழுந்து போயி உன் கடிகாரத்து முகப்பைத் தொட்டுப் பாரு. பூவும் கொடியும் பழக்கூடையுமா, மெல்லிசுப் பித்தளைத் தகட்டை அச்சுல வெச்சு அமுக்கி எடுத்த வேலை. நகத்தால சுண்டினா டொங்குன்னு தகரச் சத்தம் வரும். இது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டூப்ளே பேரைச் சொல்லி டூப்பு வுடறதுன்னா தேதியையாவது பாத்து வுடுடா. பாரீஸ்லேர்ந்து வர்ற ஆளு உன் கடையில உக்காந்து, அவங்க பாட்டி வீட்டுல இருந்த கடிகாரத்தை நீ கவர்னர் கடிகாரம்னு காட்டறதைப் பாத்தா, சிரிப்பை அடக்க முடியாம காபியைச் சட்டை மேல கொட்டிக்குவான். அப்பறம் இன்னொரு காபி ஓசியில குடுக்கணும்.

பாட்டி வீடுன்னு சும்மா சொல்லல. இது ராசா வீட்டுக் கடிகாரமே கிடையாது. குடியானவன் செஞ்சு குடியானவன் வாங்கினது. அந்த மலையில மார்கழி தையெல்லாம் பனி வாசப்படி வரைக்கும் ஏறிக்கும். நெலத்துல வேலை கெடையாது. சும்மா உக்காந்து சீட்டாடாம, ஒரு வீட்டுல சக்கரம் அறுத்தான், ஒரு வீட்டுல இரும்புச் சட்டம் அடிச்சான், இன்னொருத்தன் மணியை வார்த்தான். எல்லாம் சேந்து மோரேயில முழு எந்திரம் ஆச்சு. அங்கேர்ந்து ஊரூருக்குப் போச்சு. வெள்ளை எனாமல் தட்டுல, நடுவுல, அழகா சுழிச்சு ஒரு ஆளு பேரும் ஒரு ஊரு பேரும் எழுதியிருக்குது பாரு. அந்த ஆளை மகா கலைஞன்னு நெனச்சு நீ ராத்திரியெல்லாம் கூகுள்ல தேடறியாம். அவன் கடைக்காரன்டா! வித்தவன் பேரு நெத்தியில இருக்கும், செஞ்சவன் பேரு எங்கியும் இருக்காது. இதுக்கு ஜுரா மலைக்கா போவணும்? ஏ.எஃப்.டி. மில்லுத் துணியில எங்கப்பன் பேரையா போட்டான்?

சரி, பெருமை பேசறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குதுன்னாவது பாத்தியா? பக்கத்துல ரெண்டு தகரக் கதவு இருக்குது, தொறந்து பாரு. கைய வைக்காத, கண்ணை வை. பட்டை இரும்புல ஒரு கூண்டு. வெலைக்கு வாங்கின வழவழப்பு எதுவும் கெடையாது, சம்மட்டி பட்ட தழும்பு இன்னும் தெரியுது. ஆனா அச்சு ஒக்காற எடத்துல மட்டும் இரும்புல தொளை போட்டு பித்தளைப் புஷ் எறக்கியிருக்கான். இரும்புல இரும்பு ஓடினா ஒண்ணையொண்ணு தின்னுடும், அது அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்க தெரியாத எடமோ அங்க முரட்டு வேலை, எங்க தேயுமோ அங்க நுணுக்க வேலை. மில்லுல ஸ்பின்னிங்குல இருந்த எனக்கு அதைப் பாத்ததும் கை ரெண்டும் தானா முதுகுக்குப் பின்னால போயிடுச்சு. மேஸ்திரி வேலையில நாம எதுக்கு வெரல் வுடணும்?

கூண்டுக்குள்ள ரெண்டு குடும்பம் பக்கம் பக்கமா குடியிருக்குது. ஒண்ணு நேரம் ஓட்டறது, இன்னொண்ணு மணி அடிக்கிறது. ஆளுக்கு ஒரு உருளை, உருளையில கயிறு, கயித்துல வார்ப்பிரும்புக் குண்டு, மூணு நாலு கிலோ தேறும். ஸ்பிரிங்கு கெடையாது. ஸ்பிரிங்கு வெச்ச கடிகாரம் சாவி குடுத்த அன்னிக்கு எகிறும், வாரக் கடைசியில இழுக்கும். குண்டுக்கு அந்தப் பேச்சே இல்ல. திங்கக்கெழமை என்ன இழுப்போ ஞாயித்துக்கெழமையும் அதே இழுப்பு. பூமி ஓவர்டைமும் பாக்காது, மட்டமும் போடாது.

அந்தக் குண்டு சும்மா வுட்டா ஒரே நொடியில தரையில விழுந்து உங்க ஆயா கால் மேல ஏறிடும். அதை எட்டு நாளைக்கு இழுத்தடிக்கிறதுதான் வித்தை. உச்சியில ஒரு பல்சக்கரம், அதுக்கு மேல நங்கூரம் கணக்கா வளைஞ்ச ஒரு இரும்பு. பெண்டுலம் ஆடுறப்ப நங்கூரத்தோட ஒரு கொக்கி எழும்பி ஒரே ஒரு பல்லை வுடும், உடனே அந்தப் பக்கத்துக் கொக்கி அடுத்ததைப் புடிச்சுக்கும். ரேஷன் கடை வரிசையில ஒவ்வொரு ஆளா உள்ள வுடற மாதிரி. (நம்ம ஊருல ரேஷன் கடையே பல வருசம் தொறக்கல, அது வேற கதை.) ஒவ்வொரு பல்லும் போறப்ப பெண்டுலத்துக்கு ஒரு சின்னத் தள்ளு குடுத்துட்டுப் போவும், அதனாலதான் அது நிக்காம ஆடுது. நீ கேக்கற டிக் டிக்குன்ற சத்தம், பல்லு போற சத்தமுன்னு நெனைக்கிற. பல்லு புடிபடற சத்தம்டா அது.

பாலிடெக்னிக் படிக்கிறாளே உன் தங்கச்சி, அவ கணக்குப் போட்டா. நாலு கிலோ குண்டு 1.4 மீட்டர் எறங்குதுன்னு வெச்சுக்க. அதுல வர்ற மொத்த சக்தி 55 ஜூல். எட்டு நாள் கடிகாரம் ஓட அது போதும். உன் கடையில பகல்லயே எரியுதே 9 வாட் எல்.இ.டி. பல்பு, அது அந்த 55 ஜூலை ஆறே விநாடியில தின்னுடும். கடையில எத்தனை பல்பு போட்டிருக்கேன்னு நான் கேக்கல.

இப்ப உன்னோட பெரிய புகாருக்கு வரேன். "பாரீஸ்ல மாமன் வீட்டுல கரெக்டா ஓடிச்சு, இங்க வந்து தெனம் ரெண்டு நிமிசம் பின்னாடி போவுது. நம்ம ஊரு வந்தாலே எல்லாம் சோம்பேறி ஆயிடுது"ன்னு தத்துவம் பேசின. அதோட நிறுத்தினியா? குண்டோட அரைச் செங்கல்லைக் கட்டித் தொங்க வுட்டுட்டுப் போயிருக்க. எடை ஏறினா வேகமா ஓடும்னு எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தான்? எடை ஏத்தினா அச்சுதான் தேயும். நேரத்தைப் புடிச்சு வெச்சிருக்கிறது பெண்டுலத்தோட நீளம். செங்கல்லைக் கழட்டி நாற்காலிக்கு வெச்சுட்டேன், அதான் நீ பாத்தது.

ரெண்டு நிமிசம் பின்னாடி போறது சோம்பேறித்தனமும் இல்ல, உப்புக்காத்தும் இல்ல. பூமி. 1672ல ழான் ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரை தென் அமெரிக்காவுல கயேனுக்கு அனுப்பினாங்க, பூமத்திய ரேகைக்குப் பக்கம். பாரீஸ்ல சரியா வெச்ச பெண்டுலக் கடிகாரம் அங்க போயி நாளைக்கு ரெண்டரை நிமிசம் பின்தங்கிப் போச்சு. பெண்டுலத்தைக் கொஞ்சம் குட்டையாக்கினப்பறம்தான் சரியாச்சு. அப்பறம் 1687ல நியூட்டன் எழுதின புத்தகத்துல காரணம் சொன்னாரு: பூமி உருண்டைன்னாலும் இடுப்புல கொஞ்சம் பெருத்திருக்குது. அங்க நிக்கறவன் நடு மையத்துலேர்ந்து தள்ளி நிக்கறான், சுத்துற வேகம் வேற வெளியே தள்ளுது, இழுப்பு கொறையுது, பெண்டுலம் மெதுவா ஆடுது. நாம பன்னெண்டு டிகிரியில இருக்கிறோம், பாரீஸ் கிட்டத்தட்ட 49ல. கணக்குப் போட்டா வித்தியாசம் நாளைக்கு ரெண்டு நிமிசத்துக்கு ஒண்ணு ரெண்டு விநாடிதான் கொறையும். பாரீஸ்ல விநாடிக்கு ஒரு ஆட்டம் ஆட 99.4 சென்டிமீட்டர் வேணும்னா, புதுச்சேரியில 99.1 போதும். மூணு மில்லிமீட்டர்கூட முழுசா இல்ல. இங்கத்திச் சூட்டுக்கு இரும்புக் கம்பி நீள்றதும் உண்டு, அது ஏழெட்டு விநாடிக்கு மேல போவாது.

அதனால பெண்டுலத் தட்டுக்கு அடியில இருக்கிற சின்ன மரையை வலப்பக்கம் திருப்பித் தட்டைத் தூக்கணும், அவ்ளோதான். ஒரு சுத்து சுத்திட்டு ஒரு நாள் பாரு, அப்பறம் இன்னொண்ணு. மாமனுக்குப் போன் போட்டு "ஏமாத்திட்டாங்க"ன்னு கத்தறதை வுட இது சல்லிசு.

புதுச்சேரிக்குக் கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்து அவதிப்பட்டவன் நீ மொத ஆளுன்னு நெனைக்காத. லெ ழாந்தீன்னு ஒரு வானசாஸ்திரி. வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கால போறதை இங்கேர்ந்து பாத்து நேரம் குறிக்கணும்னு 1760ல பிரான்ஸை வுட்டுக் கெளம்பினாரு. வந்து சேர்றதுக்குள்ள ஊரை இங்கிலீசுக்காரன் புடிச்சுக்கிட்டான். 1761 ஜூன் 6, நல்ல வானம், நல்ல வெயில், மனுசன் நடுக்கடல்ல ஆடற கப்பல்ல. ஆடற கப்பல்ல பெண்டுலக் கடிகாரம் வெச்சு என்ன பண்ணுவ? சரி, அடுத்தது எட்டு வருசத்துல வருதுன்னு இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தாரு. 1768ல புதுச்சேரி. இடிஞ்ச கோட்டை மேல கவர்னர் லா துரை தயவுல ஒரு கூடம் கட்டிக் குடுத்தாங்க. லாஸ்பேட்டைக்குப் பேரு இருக்குதே, அந்த லா துரைதான்னு சொல்லுவாங்க. கடிகாரத்தை நெலை நிறுத்தி, தூரதரிசினியைத் தொடைச்சு வெச்சுக் காத்துக்கிட்டு இருந்தாரு. 1769 ஜூன் 4 விடியக்காலை. மேகம். வெள்ளி குறுக்கால போயி முடியற வரைக்கும் மேகம். முடிஞ்சப்பறம் வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. அவரு முன்னாடி இருந்த மணிலாவுல அன்னிக்கு வானம் துடைச்சு வுட்டாப்பல இருந்துச்சாம். 1771ல ஊருக்குப் போனா, செத்துப்போயிட்டார்னு முடிவு கட்டி அகாடமியில அவரு எடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, சொந்தக்காரங்க சொத்தைப் பங்கு போட ஒக்காந்துட்டாங்க. உன் காபிக்கடைக்கு லைசென்ஸ் ஒரு மாசம் தள்ளிப் போச்சுன்னு அழுதியே, இவரை நெனைச்சுக்க.

ஆனா அவரு இங்க சும்மா இல்ல. நம்ம தமிழ் ஆளுங்க கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டாரு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்ளோ நேரம் நீடிக்கும்னு நம்மாளு முறையில போட்டா 41 விநாடி கொறைச்சலா வந்துச்சு. அப்போ ஐரோப்பாவே கும்புட்ட தோபியாஸ் மேயர் அட்டவணைப்படி போட்டா 68 விநாடி கூட வந்துச்சு. நம்மாளு சுவத்துல கடிகாரம் தொங்கல, தலைக்குள்ள வாய்ப்பாடு இருந்துச்சு. நீ கால்குலேட்டர் இல்லாம பில்லு போட மாட்ட.

பராமரிப்பு கேட்டியே. நான் சொல்றதை அப்படியே செய். தேங்காயெண்ணெய் ஊத்து, நல்லா கமகமன்னு வாசனை வரும், ஒரு வருசத்துல கோந்தா இறுகி அச்சு நின்னுடும். எல்லாப் பல்லுலயும் பூசு, சமுத்திரக் காத்துல வர்ற மண்ணு வந்து ஒட்டி அரமா மாறி பல்லைச் சீவிடும். பின்னாடி சுவத்துப் பக்கம் ஈரம் பாக்காத, பலகை செல்லுக்குச் சாப்பாடு. மணி அடிக்கிற நேரத்துல முள்ளைப் பின்பக்கம் திருப்பு, உள்ள ஏதாவது ஒண்ணு மடங்கும். ஜன்னலுக்கு நேரா மாட்டு, காத்து பெண்டுலத்தைத் தாலாட்டி நிறுத்திடும். இதெல்லாம் செய்ய மனசு வரலைன்னா, அச்சு முனையில மட்டும் கடிகார எண்ணெய் ஒரு துளி, டிக்கும் டாக்கும் சம எடைவெளியில கேக்கற வரைக்கும் நேரா நிறுத்திட்டு, தள்ளி வந்துடு.

இதையும் மாட்டேன்னுட்ட. "வாரா வாரம் சாவி குடுக்க ஆள் இல்ல தாத்தா. உள்ள இருக்கிறதை எடுத்துட்டு ஒரு குவார்ட்ஸ் மெஷின் போட்டுடலாம், நூத்தம்பது ரூபா, பாட்டரி வருசத்துக்கு ஒண்ணு. குண்டும் பெண்டுலமும் சும்மா அழகுக்குத் தொங்கட்டும்"ங்கற. நல்ல யோசனை. பல்லு எடுத்த பாம்பாட்டிகூட பாம்பை வெச்சிருப்பான், நீ சட்டையை மட்டும் மாட்டி வெக்கப் பாக்கற. ஏழு நாளுக்கு ஒரு தடவை கைப்பிடியைச் சுத்தி ரெண்டு குண்டை மேல ஏத்தணும். மறந்துட்டா மன்னிச்சு வுடத்தான் எட்டாவது நாள் ஒண்ணு சேத்து வெச்சிருக்கான், உன்னை நெனைச்சே வெச்சிருப்பான். அந்த ஒரு நிமிசத்துக்கு உனக்கு ஆள் இல்ல. இன்ஸ்டாகிராமுல போட்டோ போட தெனம் ஒரு மணி நேரம் இருக்குது.

எனக்கு இது ஏன் உறைக்குதுன்னா, அப்போல்லாம் எங்க வீட்டுல கடிகாரமே கெடையாது. இந்த ஊருக்கு மில்லு சங்குதான் மணி. எங்கப்பன் காலத்துல பத்து மணி நேரத்துக்கு மேல வேலை. எப்ப உள்ள வந்தான், எப்ப வெளிய போனான்னு சொல்ற கடிகாரம் மொதலாளி சுவத்துல. எட்டு மணி நேரந்தான் வேலைன்னு கேட்டு மில்லுத் தொழிலாளிங்க, தலைவர் வ.சுப்பையாவோட நின்னாங்க. 1936 ஜூலை 30 அவங்க மேல துப்பாக்கியால சுட்டாங்க, 12 பேரு செத்தாங்க. அதுக்கு அப்பறந்தான் எட்டு மணி நேரம் சட்டமா வந்துச்சு. நான் வேலைக்குப் போறப்ப அது சும்மா கெடைச்ச சொத்து கணக்கா எங்களுக்கு ஆயிப்போச்சு. 2020ல ஏ.எஃப்.டி.யையே மூடிட்டாங்க. இப்ப சங்கும் இல்ல, எட்டு மணி நேரமும் இல்ல. உன் கடையில வேலைக்கு வர்ற பையனுக்கு எத்தனை மணி நேரம்னு பேசியிருக்க? சும்மாதான் கேக்கறேன். டீ ஆறுது, குடி.

ரொம்ப யோசிக்காத, நானே ஒரு வழி சொல்றேன். கடைக்கு ஒரு பாட்டரி கடிகாரம் வாங்கிக்க, பெருசா, ரோமன் எழுத்து போட்டு, ஆயிரம் ரூபாய்க்குள்ள வரும். அதுக்குக் கீழ டூப்ளே அட்டையை மாட்டு, ஒருத்தனும் பாட்டி வீட்டு ஞாபகத்துல சிரிக்க மாட்டான். இது இங்கியே கெடக்கட்டும். சாவி குடுக்க எனக்குக் கை இருக்குது, ரெண்டாவது தடவை எண்ணறதுக்கு நேரமும் இருக்குது. உங்க ஆயாவுக்கும் பழகிப் போச்சு, மொத தடவை அடிக்கிறப்ப கண்ணு தொறக்கும், ரெண்டாவது தடவைக்கு எண்ணிக்கிட்டே தூங்கிடும்.

மொறைக்காத. மாமன்கிட்ட நான் நேத்தே பேசிட்டேன். அடுத்த தடவை வர்றப்ப கடிகார எண்ணெய் ஒரு குப்பி வாங்கிட்டு வா, நாற்காலிக்கு ஒரு காலும்.